மல்டி ஸ்ப்ளிட் ஏசி: கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

ஒரே அவுட்டோர் யூனிட்டில் 2 முதல் 5 அறைகள் வரை இணைப்பது மல்டி ஸ்ப்ளிட் ஏசி. இதில் 'ஹாட் அண்ட் கோல்டு' வகை வெப்ப பம்பாகவும் இயங்கும். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து அறைக்குள் விடும். சாதாரண ஹீட்டர் 3 யூனிட் மின்சாரத்தில் தரும் வெப்பத்தை இது ஏறக்குறைய ஒரு யூனிட்டில் தந்துவிடும். வெளியே குளிர் கூடக்கூட இந்த ஆதாயம் குறையும். இந்தியச் சந்தையில் பெரும்பாலானவை குளிர்ச்சி மட்டும் தரும் மாடல்கள் என்பதால், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வாங்குபவர் அது வெப்பமும் தருமா என்பதை மாடல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பால்கனியில் ஒரு அவுட்டோருக்கு மட்டுமே இடமுள்ள அடுக்குமாடி வீட்டுக்கு இது பொருந்தும். இடம் தாராளமாக இருந்தால் தனித்தனி ஸ்ப்ளிட் ஏசிகளே மேல். மல்டி ஸ்ப்ளிட்டில் அவுட்டோர் போர்டு போனால் வீடு முழுவதும் ஏசி நின்றுவிடும். ஒரு அறைக்குக் குளிர், அடுத்த அறைக்கு வெப்பம் என்று ஒரே நேரத்தில் சாதாரண மாடல்கள் தராது. இரவில் சிறிய படுக்கையறை மட்டும் ஓடும்போது பெரிய கம்ப்ரஸர் அவ்வளவு குறைந்த வேகத்துக்கு இறங்க முடியாமல் நின்று நின்று ஓடி மின்சாரத்தை வீணாக்கும். உறைபனிக் காலத்தில் அவுட்டோரில் படியும் பனியை உருக்கச் சில நிமிடம் வெப்பம் நிற்கும். எல்லா அறையிலும் ஒருசேர நிற்கும்.

டன் கணக்கில்தான் ஏமாற்றத்துக்கு இடம் அதிகம். தலா ஒரு டன் திறனில் 3 இன்டோர், வெளியே 2 டன் அவுட்டோர் என்று விற்பது தொழில்நுட்பப்படி தவறல்ல. எல்லா அறையும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடுவது அரிது என்ற கணக்கு அது. ஆனால் மே மாத இரவில் மூன்றும் ஓடினால் அறைக்குக் கிடைப்பது முக்கால் டன்கூட இல்லை, சுமார் 2.3 கிலோவாட். எல்லா இன்டோரும் ஓடும்போது அறைவாரியாக எத்தனை கிலோவாட் என்பது கம்பெனியின் காம்பினேஷன் டேபிளில் இருக்கும். அதைக் கொட்டேஷனில் எழுதி வாங்கிவிட்டால், 'குளிரவே இல்லை' என்று பின்னாளில் சொல்லும்போது அந்தத் தாள் பேசும்.

பொருத்தும் வேலையில் ஆபத்து இன்னும் கூடுதல். 3 அறை என்றால் செம்புக் குழாய் இணைப்புகளே 12. ஒன்று கசிந்தாலும் மொத்த கேஸும் போகும். இணைத்த பிறகு நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, வேக்குவம் பம்பு போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். அவசரக்காரர்கள் வால்வைச் சற்றே திறந்து கேஸைக் கொண்டே காற்றைத் தள்ளி வேலையை முடித்துவிடுவார்கள். தங்கிய ஈரம் கம்ப்ரஸரை அரிக்கும். பரவலாகப் பயன்படும் ஆர்-32 கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் கசிவு அலட்சியம் செய்யக்கூடியதல்ல. ஆண்டுதோறும் 'கேஸ் அடிக்கணும்' என்று சொல்லும் மெக்கானிக் கசிவைத் தேடவில்லை என்றே பொருள். கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை.

'10 ஆண்டு வாரன்டி' என்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டுமே. போர்டு, கேஸ், குழாய் வேலை ஆகியவற்றுக்கு எவ்வளவு காலம் என்று தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற முத்திரையைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது. தயாரிப்பாளர் பொருத்தியவரையும், பொருத்தியவர் தயாரிப்பாளரையும் கைகாட்டுவது வழக்கம். ஆகவே வழக்கு என்று வந்தால் கடை, கம்பெனி, பொருத்தியவர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. ஜாப் ஷீட் (மெக்கானிக் எழுதித் தரும் வேலை விவரத் தாள்) இல்லாமல் பழுதான போர்டைக் கழற்றிக் கொண்டுபோக விடக் கூடாது, சாட்சியமே அதுதான்.

முதலில் எழுத்துப்பூர்வமான புகார், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால், வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்தில் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.