தபாலட்டைப் பெட்டியின் ஆண்டுக் கணக்கு

புத்தாண்டுத் தீர்மானம் என்பது நம்மவரிடையே பரவிவிட்ட ஒரு சிறு நோய். தையிலே தோன்றும், மாசியிலே தணியும், பங்குனியில் இருந்த இடந் தெரியாது. நானும் அதற்கு விலக்கானவன் அல்லன். ஆயினும் சென்ற தை மாதத்துத் தீர்மானங்களைக் கிழிந்த தாளொன்றில் எழுதாது, என் அட்டைச் சேகரிப்பின் அட்டவணைக் கொப்பியிலே, கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். புதிய அட்டை ஒன்று வரும்போதெல்லாம் அந்தக் கொப்பியை விரிக்க வேண்டியிருந்தது. ஆதலால் அத்தீர்மானங்கள் ஆண்டு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. மார்கழி முடியுந் தறுவாயில் இப்போது கணக்குப் பார்க்கிறேன்.

நான் சேர்ப்பவை பழைய படத் தபாலட்டைகள். அவற்றிலும் இலங்கைக் காட்சிகளைத் தாங்கியவை மட்டுமே. முத்திரை சேர்ப்பவனுக்கு ஊரிலே மதிப்புண்டு. நாணயம் சேர்ப்பவனைச் சரித்திர அறிஞன் என்பார்கள். அட்டை சேர்ப்பவனிடம் மட்டும், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். என்ன இருக்கிறது என்பதற்கு 1869ஆம் ஆண்டே விடை சொல்லும். அவ்வாண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி ஆஸ்திரிய-ஹங்கேரியில் உலகின் முதலாவது அரசாங்கத் தபாலட்டை வெளியாயிற்று. அதில் படம் ஏதும் இல்லை, வெறும் அட்டை. நவம்பர் 17இல் சுவெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் இலங்கையின் கோப்பிச் செடிகளிலே துருநோய் கண்டறியப்பட்டது. ஒன்றையொன்று அறியாத மூன்று சங்கதிகள். ஆனால் கால்வாய் வழியே கப்பல்கள் கொழும்புக்கு வந்து குவிந்தன. கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலை ஏறிற்று. வெற்று அட்டையில் படமும் ஏறிற்று. ஒரு தலைமுறை கழிந்தபின், கப்பலை விட்டு இறங்கிய வெள்ளைக்காரப் பிரயாணி, தேயிலை மலையின் படம் போட்ட அட்டையொன்றைக் கொழும்புக் கோட்டையிலே வாங்கித் தன் ஊருக்கு அனுப்பினான். என் பெட்டியிலுள்ள 412 அட்டைகளிற் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் இவ்வளவுதான்.

முதலாவது தீர்மானம் பணத்தைப் பற்றியது: ஆண்டுக்குப் பன்னிரண்டு அட்டைக்கு மேல் வாங்குவதில்லை. பதினொன்று வாங்கினேன். இது மனவுறுதியால் வந்த வெற்றியென்று சொல்லத் துணியேன். ஏலங்கள் இக்காலத்தில் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. விலை பவுணிலும் டொலரிலும் ஏறுகின்றது. நம் ரூபாவோ தன் வழியே இறங்குகின்றது. வறுமையும் ஒரு வகையில் விரதந்தானே!

இரண்டாவது, வடபகுதி அட்டைகளைத் தேடுவது. கண்டி, பேராதனைப் பூங்கா, காலி முகத்திடல் ஆகியவற்றின் காட்சிகள் எத்தனை வேண்டுமாயினும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தின் படம் மிக அருமை. காரணம் எளிது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஓரிரு நாளில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்புவதே பிரயாணிகளின் வழக்கம். வடக்கே போக அவர்களுக்கு நேரமில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை புகையிரதப் பாதை முற்றுப்பெற்றதே 1905இல்தான். வாங்குவோர் இல்லாத ஊரைப் படம் பிடித்து அட்டை அச்சிட எந்த வியாபாரி முன்வருவான்?

இவ்வாண்டு இரண்டு அகப்பட்டன. ஒன்று மணிக்கூட்டுக் கோபுரம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. மற்றது கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம். அதைக் கையில் எடுத்தபோது என் விரல்கள் சற்று நடுங்கின. 1706இல் சிலுவை வடிவிற் கட்டப்பட்ட அத்தேவாலயம் 1990களின் யுத்தத்திலே அழிந்தது. இன்று கோட்டைக்குப் போகிறவர் காண்பது இடிந்த முருகைக்கற் குவியலைத்தான். அட்டையிலோ கூரை இருக்கிறது. சுவர்கள் நேராக நிற்கின்றன. வாசலருகே ஒரு மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். ஏதோ ஒரு வியாபாரி, விற்குமோ விற்காதோ என்றெண்ணி அச்சிட்ட அட்டை. அழிந்த கட்டடம் எப்படி நின்றது என்று கேட்கும் பேரப்பிள்ளைக்குக் காட்ட இன்று அதுவே என் வீட்டிலிருக்கும் ஒரே சாட்சி.

மூன்றாவது தீர்மானம் எனக்கு மிகவும் இன்பந் தந்தது: அட்டைகளின் பின்புறத்தை வாசிப்பது. சேகரிப்பவர்களிற் பலர் படத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு அட்டையை மூடி வைத்துவிடுவார்கள். எழுத்து யாருக்கோ எழுதியது, நமக்கென்ன என்ற எண்ணம். மிகப் பழைய அட்டைகளிலே பின்புறம் முழுவதும் விலாசத்துக்கே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்திலே, கிடைத்த வெள்ளையிடத்தில் நெருக்கி எழுத வேண்டும். பின்புறத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியிற் செய்தி எழுதலாமென்று 1902இல் முதலிலே பிரித்தானியா இடங்கொடுத்தது. மற்ற நாடுகள் சில ஆண்டுகளிற் பின்தொடர்ந்தன. ஆகவே நடுக்கோட்டைப் பார்த்தே ஒரு தபாலட்டையின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தச் சரிந்த ஆங்கிலக் கையெழுத்துக்கள் பழக எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பழகிய பிறகு தெரிந்தது, எழுதியவர்களுக்கு நம் நாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை என்பது. வெப்பம் தாங்கவில்லை, கப்பல் நாளை புறப்படும், அத்தையின் முழங்கால் எப்படி? இவ்வளவே. கண்டித் தெப்பக்குளத்தின் படத்துக்குப் பின்னால் ஒருவர் கம்பளிக் காலுறையின் கணக்கு எழுதியிருக்கிறார். சிரிப்பு வந்தது. ஆயினும் முகந் தெரியாத அந்த அத்தை குணமடைந்தாரா என்று இரண்டு நாள் யோசித்ததும் உண்மை.

நான்காவது தீர்மானமே கனமானது. கொழுந்து பறிக்கும் பெண்களின் அட்டைகள் என்னிடம் 38 இருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று இவ்வாண்டுக்குள் முடிவு காண்பது என்று எழுதியிருந்தேன். இந்த அட்டைகளின் கீழே ஆங்கிலத்திற் காணப்படும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: தமிழ்ப் பெண், தமிழ்க் கூலி, தேயிலை பறிக்கும் தமிழச்சி. அச்சிட்ட கம்பனியின் பெயர் இருக்கும். 1890இல் கொழும்பிலே தொழில் தொடங்கிய பிளாட்டே கம்பனியின் பெயரை எத்தனையோ அட்டைகளிற் காணலாம். பின்புறத்தில் அனுப்பியவர் பெயர் இருக்கும். பெறுபவர் பெயர், தெரு, வீட்டிலக்கம் எல்லாம் இருக்கும். படத்தில் இருப்பவளின் பெயர் மட்டும் எங்குமே இல்லை.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் வேறு சிலவும் புலனாகின்றன. ஒரே பெண் மூன்று அட்டைகளில் வருகிறாள். ஒன்றிலே சேலை சிவப்பு, மற்றொன்றிலே நீலம், மூன்றாவதிலே நிறமே இல்லை. 1914இல் முதலாம் உலக யுத்தம் மூளும்வரை, இத்தகைய அட்டைகள் பல ஜேர்மனியில் அச்சாகி வந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறந் தீட்டிய அச்சுக்கூடத்தார் ஹற்றனையும் கண்டதில்லை, அவளையும் கண்டதில்லை. வேறு சில படங்கள் தோட்டத்திலே எடுத்தவையல்ல. பின்னால் திரைச்சீலை தொங்குகிறது, தரையிலே கம்பளம், அதன்மேல் கொழுந்துக் கூடையுடன் ஒருத்தி, மூக்குத்தியும் காதணியும் காப்பும் அணிந்து நிற்கிறாள். அந்நகைகள் அவளுடையவையா, படத்துக்காக இரவல் பெற்றவையா? அவளே சொல்லக்கூடிய விஷயம் அது.

இவற்றை விற்றுவிடலாம் என்பது ஒரு யோசனை. நல்ல விலையும் போகும். வேடிக்கைப் பொருளாக விற்கப்பட்டவர்களின் படத்தை வீட்டிற் பூட்டிவைப்பதில் என்ன நியாயம் என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாக இருந்தது. ஆவணி மாதத்தில் மலைநாட்டைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தயக்கத்துடன் அவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாது 38ஐயும் பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"ஐயா, எங்கள் பாட்டியின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. லயத்து வீட்டில் யார் வந்து படம் எடுத்தார்கள்? எங்கள் பாட்டி இப்படித்தான் கூடைக் கயிற்றைத் தலையிலே மாட்டியிருப்பாள் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

பாட்டியின் பெயர் என்னவென்று கேட்டேன். சொன்னார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவினரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாடற்று எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்குஞ் சட்டம் 2003இல்தான் வந்தது. அதுவரை காத்திருந்த ஒரு மைத்துனரின் பெயரையும் சொன்னார். தேநீர் ஆறிப்போயிற்று.

அன்றிரவே முடிவு செய்தேன். 38ஐயும் வைத்திருப்பது; தனி அல்பத்தில் வைப்பது; ஆங்கில விளக்கத்தை அப்படியே பெயர்த்தெழுதாமல், ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரிவதை நானே தமிழில் எழுதுவது. கூடை எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது, கயிறு எங்கே மாட்டியிருக்கிறது, கணுக்காலில் என்ன, இடுப்பிலே சுற்றியிருப்பது சாக்கா சீலையா, பின்னால் நிற்கும் கங்காணியின் கையில் என்ன. மார்கழிக்குள் 21 அட்டைகளுக்கு எழுதியாயிற்று. வேலை மெதுவாகவே நடக்கும். ஓர் அட்டைக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டியிருக்கிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அட்டைகளை மென்மையான பிளாஸ்டிக் உறைகளிலிருந்து எடுத்து, பொலியெஸ்டர் உறைகளுக்கு மாற்றுவது ஐந்தாவது. பி.வி.சி. உறைகள் காலப்போக்கிற் கசிந்து படத்தைக் கெடுக்கும். இதை முழுவதும் நிறைவேற்றினேன். இராமபாணப் பூச்சிகளுக்கு இனி என் வீட்டில் உணவில்லை. பக்கத்து அலுமாரியிலுள்ள புத்தகங்களுக்கு அவை குடிபோயிருப்பதாகச் சந்தேகம்.

ஆறாவது, காலையிலே காலி முகத்திடலில் நடப்பது. வைகாசியிற் கச்சான் காற்றும் மழையும் வந்து அதை நிறுத்தின. மாலையில் நடந்தாலென்ன என்று போனேன். அங்கே விற்கும் கச்சான் என்னை உட்கார வைத்துவிட்டது. ஒரே பெயருள்ள இரண்டும் கூடிச் செய்த சதி இது.

ஏழாவது, மாதமொரு தபாலட்டை நானே எழுதி அனுப்புவது. பழைய அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே புதியது ஒன்றைக்கூட எழுதாமலிருப்பது, கோயிற் சிற்பங்களை எண்ணிவிட்டுச் சாமி கும்பிடாமல் வருவதைப் போன்றது அல்லவா? ரொறன்ரோவிலிருக்கும் தங்கையின் மகனுக்குப் பன்னிரண்டு அனுப்பினேன். பத்துப் போய்ச் சேர்ந்தன. பதினொரு வயதுப் பையன். தமிழ் வாசிக்கச் சிரமப்படுவான். முதலாவது அட்டையைத் தாய் வாசித்துக் காட்டினாளாம். புரட்டாதி மாதத்து அட்டையைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தானாம். என் கையெழுத்து விளங்கவில்லை, இன்னும் பெரிதாக எழுதும்படி மாமாவிடம் சொல்லுங்கள் என்று தொலைபேசியிற் செய்தி வந்தது.

வருகிற ஆண்டுக்குக் கடைசிப் பக்கத்தில் இதுவரை இரண்டே வரிகள் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதுவது ஒன்று. மற்றது, மிகுந்திருக்கும் 17 அட்டைகளையும் பங்குனிக்குள் முடித்து, அல்பத்துடன் ஹற்றனுக்குப் புகையிரதத்தில் போவது. அந்த ஆசிரியர் தம் ஊரிலுள்ள முதிய பெண்கள் சிலரைக் கூட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் சாக்கு என்று எழுதிய ஒன்றை அவர் பார்த்துவிட்டு, அது சாக்கல்ல, அதற்கு வேறு பெயருண்டு, அவர்கள் சொல்லுவார்கள் என்றார். அந்த இடத்தைக் கொப்பியிலே வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.