பழைய காரும் புதிய எஞ்சினும்

பாபநாசத்தில் மலையிலிருந்து இறங்கும் நீர் 1944-ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்நீரின் திறன் இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒரு வினாடியில் விழும் நீர் எவ்வளவு என்பது ஒன்று. அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது மற்றொன்று. மோட்டார் எஞ்சினுக்கும் இதைப் போன்றதொரு கணக்கு உண்டு. எஞ்சின் தன் தண்டைச் சுழற்றும் முறுக்குவிசையையும், அது நிமிடத்தில் சுற்றும் சுற்றுக்களையும் பெருக்கினால் அதன் திறன் புலப்படும்.

பழைய கார் ஒன்றின் எஞ்சினை இறக்கி வேறோர் எஞ்சினை ஏற்றும்போது, கூடுதல் திறன் பெறலாமா என்று உரிமையாளர் கேட்பது இயல்பு. பெறலாம். அதற்கு வழி யாது, அதன் எல்லை யாது என்பவற்றை நம் நாட்டு அம்பாசடர் காரைக் கொண்டே அறியலாம்.

வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை தயாரித்த அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. அதில் நெடுங்காலம் இருந்த பெட்ரோல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். 1990-களின் தொடக்கத்தில் அதே உடலில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த 1,817 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. திறன் ஏறத்தாழ 75 ஆயிற்று. கொள்ளளவு கூடியது நூற்றுக்கு 22 பங்கு. திறன் கூடியதோ ஏறத்தாழ 50 பங்கு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டுமளவு ஊற்றிவிடலாம்; சிலிண்டருக்குள் காற்றை நிரப்புவதே அரிது. ஆகவே எஞ்சினின் திறன் அது மூச்சு வாங்கும் அளவைச் சார்ந்தது. பழைய எஞ்சினின் சிலிண்டர் 73 மி.மீ. விட்டமும், பிஸ்டன் ஓட்டம் 89 மி.மீ. நீளமும் கொண்டவை. இசுசு எஞ்சினில் விட்டம் 84, ஓட்டம் 82. அகன்ற சிலிண்டரில் பெரிய வால்வுகளுக்கு இடமுண்டு. பிஸ்டன் செல்லும் தொலைவு குறைவாதலால் விரைந்து சுற்றவும் இயலும். வால்வுகளை இயக்கும் தண்டும் மேலேயே அமைந்திருப்பதால் அவ்விரைவிலும் அவை தடுமாறுவதில்லை.

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வயல்களுக்கு நீர் தரும் கன்னடியன் கால்வாயை எண்ணிப் பாருங்கள். தலைமதகை மட்டும் அகலப்படுத்திவிட்டு இடையில் ஒரு குறுகிய பாலத்தை அப்படியே விட்டுவிட்டால், கடைமடைக்கு நீர் மிகுதியாகச் செல்லுமா? எஞ்சினிலும் அப்படியே. பெரிய கார்புரேட்டர் வைத்தும் வால்வும் புகைக்குழாயும் குறுகியிருந்தால் பயன் சிறிதே.

பழைய எஞ்சினையே வைத்துக்கொள்வோர் இரண்டு வேலைகளைச் செய்வதுண்டு. முதலாவது, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. பட்டறையில் இதனைப் போரிங் என்பர். விட்டத்தில் ஒரு மி.மீ. கூட்டினால் கொள்ளளவு 41 கன சென்டிமீட்டர் கூடும். அது நூற்றுக்கு மூன்று பங்குகூட ஆகாது. தேய்ந்த சிலிண்டரைச் சீராக்குவதே அவ்வேலையின் பெரும்பயன். இரண்டாவது, மேல்மூடியாகிய ஹெட்டைச் சிறிது சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துவது. விகிதம் 7-லிருந்து 8 ஆனால், கோட்பாட்டின்படி வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு நூற்றுக்கு 54-லிருந்து 56½ ஆகும். ஆனால் அளவு மீறினால் கலவை தானே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் சேதமுறும்.

இனி, எஞ்சினுக்கு வெளியே வருவோம். கூடுதல் திறன் கூடுதல் வெப்பத்தையும் தரும். ஆகவே ரேடியேட்டர் அதனைத் தாங்க வேண்டும். கிளட்சும் கியர் பெட்டியும் மிகுந்த முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். இசுசு எஞ்சினுடன் அம்பாசடருக்கு ஐந்து கியர் கொண்ட பெட்டி அமைந்ததை நினைவிற் கொள்க. எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் 100 ஆனால், வேகம் கால் பங்கே கூடுகிறது. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நீங்கள் பாடத்திற் படித்த விதி, சாலையில் உயிரைக் காக்கும் விதியாகும்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை செல்லும் மலைப்பாதையில் இவை யாவும் சோதனைக்கு வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. திறனும் அவ்வளவு குன்றுகிறது. ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கிறது. இறங்கும்போது பிரேக்கையே நம்பி வருவோருக்கு அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைத் தடுக்குமாறு இறங்குவதுதான் அறிந்தோர் வழக்கம். எஞ்சினை மாற்றியவர் பிரேக்கை மாற்றாதிருந்தால் அவருடைய பிழையை இப்பாதை பொறுக்காது.

சட்டமும் இதனைக் கருதுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சினின் எண் பதிவுச் சான்றில் உள்ளது; ஆதலால் அதனை மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. எனினும் அதன் எஞ்சின் மாற்றம் தரும் பாடம் எந்த வண்டிக்கும் பொருந்தும். திறனைக் கூட்ட விரும்புவோர் முதலில் பிரேக்கையும், அடுத்துக் குளிர்விக்கும் முறையையும், பின்னர் கியர் பெட்டியையும் சோதிக்கட்டும். எஞ்சினை இறக்கும் வேலை அதற்குப்பின் தொடங்கட்டும்.