முகத்தில் எழும் நோவு

பல்லில் நோவு தோன்றினால் பல்லிலேயே குற்றம் உண்டென்று எவரும் எண்ணுவர். பெரும்பாலும் அவ்வெண்ணம் பொய்ப்பதில்லை. சொத்தை விழுந்த பல்லும், சீழ் கட்டிய ஈறும், வெடிப்புற்ற கடைவாய்ப் பல்லும் நோவு தருவன என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், பல் பழுதின்றி இருக்கவும் பல் நோவதுண்டு. கன்னத்திற் காயம் ஒன்றும் இல்லாதிருக்கவும் கன்னம் துடிதுடிக்க நோவதுண்டு. நோவு உணரப்படும் இடம் ஒன்றாகவும், அதனை விளைக்கும் காரணம் உறையும் இடம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். இதனை அறியாமையால் நல்ல பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்குவித்துக்கொண்டு, நோவு மட்டும் நீங்கப்பெறாதவர் எல்லா நாடுகளிலும் உளர்.

1677ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாரிசு நகரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அங்கு வாழ்ந்த ஆங்கிலத் தூதரின் மனைவியாரான நார்தம்பர்லாந்துக் கோமாட்டியார் முகநோவினால் வருந்தினார். அப்போது அந்நகரில் தங்கியிருந்த ஜான் லாக் என்பவரை அழைத்து வந்தனர். லாக் மெய்ப்பொருள் அறிஞர் என்றே உலகம் போற்றும். அவர் மருத்துவமும் பயின்றவர் என்பதைப் பலர் அறியார். கோமாட்டியாரின் முகத்தில் ஒரு பக்கம் முழுவதும் திடீரெனத் தீ பாய்ந்தாற்போன்ற நோவு எழுவதையும், அவர் அலறித் துடிப்பதையும், சிறிது நேரத்தில் அது தானே அடங்குவதையும் லாக் கண்டார். பேச வாய் திறந்தாலும், உணவு கொள்ள முயன்றாலும், ஈற்றைத் தொட்டாலும் நோவு மீண்டும் பாய்ந்து வந்தது. தாம் கண்டவற்றையெல்லாம் இலண்டனில் இருந்த மருத்துவ நண்பருக்கு அவர் மடல்களாக எழுதினார். நோயின் பெயர் அறியார், காரணமும் அறியார். எனினும் கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தமையால், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த மருத்துவர்கள் அம்மடல்களைப் படித்து, அது இன்ன நோய் என ஐயமின்றிக் கூற முடிந்தது. அந்நோயே முக்கிளை நரம்பு நோவு எனப்படுவது.

மூளையினின்று நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு இணைகளாகும். அவற்றுள் ஐந்தாவது இணையே முக்கிளை நரம்பு. அதன் இலத்தீன் பெயர் ஒரு சூலிற் பிறந்த மூவரைக் குறிப்பது. பெயரிட்டவர் நன்கு பொருந்தவே இட்டார் எனலாம். மூளைத்தண்டிலிருந்து வெளிப்படும் இந்நரம்பு, மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒரு கணுவாகத் திரண்டு, பின்னர் மூன்று கிளைகளாகப் பிரிகின்றது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் செல்கின்றது. இரண்டாவது கன்னம், மேலுதடு, மேற்பற்கள் ஆகியவற்றிற்கு உரியது. மூன்றாவது கீழ்த்தாடைக்கும், கீழ்ப்பற்களுக்கும், நாவின் முற்பகுதிக்கும் உணர்ச்சி தருவதோடு, மெல்லுதற்குரிய தசைகளையும் இயக்குகின்றது. முகத்தின்மேல் ஓர் ஈ அமர்ந்தாலும், ஓர் இளங்காற்று வீசினாலும், அச்செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்வது இந்நரம்பே.

முகத்திற்கு மற்றொரு நரம்பும் உண்டு. அது ஏழாவது நரம்பு. சிரிக்கவும், கண்ணை மூடவும், புருவத்தை நெரிக்கவும் முகத்தசைகளை இயக்குவது அது. இவ்விரண்டின் தொழில் வேறுபாடு நெடுங்காலம் தெளிவாக விளங்கவில்லை. அதனால் முகநோவைத் தீர்க்கக் கருதிய அறுவை மருத்துவர் சிலர் ஏழாம் நரம்பை வெட்டினர். நோவு நீங்கவில்லை; முகம் ஒரு பக்கமாகத் தொங்கிப்போனதே மிச்சம். 1820-களில் சார்லசு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் செய்த ஆராய்ச்சிகளாலேயே, உணர்ச்சிக்குரியது ஐந்தாவது, இயக்கத்திற்குரியது ஏழாவது என்னும் உண்மை நிலைபெற்றது. அறியாமற் செய்த மருத்துவம் நோயினும் கொடிதாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

முக்கிளை நரம்பு நோவு பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்க்கே வருகின்றது. ஆடவரினும் மகளிர்க்கு மிகுதி. இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் மிகுதியாகக் காணப்படுகின்றது. இதன் இயல்பு பிற நோவுகளின் இயல்பை ஒத்ததன்று. மின்சாரம் தாக்கினாற்போல ஒரு கணத்தில் வந்து, சில நொடிகளோ, மிகுந்தால் இரண்டு நிமிடமோ நின்று, வந்தவாறே மறைந்துவிடும். மறைந்த பின்னர் நோயாளி நலமுடையவர் போலவே தோன்றுவார். ஆனால் அடுத்த தாக்குதல் எந்நொடியில் வருமோ என்னும் அச்சம் அவரை விட்டு நீங்குவதில்லை. நோவை எழுப்புவனவும் பெரியவை அல்ல. பல் துலக்குதல், முகம் கழுவுதல், மழித்தல், மெல்லுதல், பேசுதல், குளிர்காற்று முகத்திற் படுதல் ஆகிய இவையே போதும். அழுத்திப் பிடித்தால் வாராத நோவு, மெல்லத் தொட்டால் வரும்! ஆதலின் இந்நோயாளருட் சிலர் முகத்தின் ஒரு பாதியை மட்டும் மழித்திருப்பர். சிலர் வெயிற்காலத்திலும் முகத்தைத் துணியால் மறைத்திருப்பர். சிலர் உண்ண அஞ்சி உடல் மெலிந்திருப்பர். நோவு சில திங்கள்கள் வந்து, பின்னர்ப் பல திங்கள்கள், சிற்சில வேளைகளில் ஆண்டுக்கணக்காகவும், தானே ஓய்ந்திருத்தலும் உண்டு. அக்காலத்தில் எம்மருந்தை உண்டிருந்தாலும் அம்மருந்திற்கே புகழ் சேரும். பற்பல பயனற்ற மருந்துகள் பெயர் பெற்றது இவ்வாறுதான்.

இந்நோயைக் குருதியைச் சோதித்துக் கண்டறிய இயலாது. நோயாளி கூறுவதைப் பொறுமையோடு கேட்பதே முதற்சோதனை. நோவு எங்கே தொடங்கி எங்கே ஓடுகின்றது? எவ்வளவு நேரம் நிற்கின்றது? எதனால் எழுகின்றது? இரண்டு தாக்குதல்களுக்கு இடையே நோவு அறவே இல்லையா, அன்றி மந்தமாக நீடிக்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால் நோய் ஏறக்குறையத் தெளிவாகிவிடும். பின்னர்ப் பல் மருத்துவர் பற்களைத் தட்டிப் பார்த்தும், குளிர்ச்சியூட்டிப் பார்த்தும், ஊடுகதிர்ப் படம் எடுத்தும், பல்லிற் குற்றம் உண்டா இல்லையா எனத் துணிவார்.

இங்கு ஒரு பொறி உண்டு. ஐயத்திற்குரிய பல்லைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை ஊசியால் ஏற்றினால் நரம்பு நோவும் அப்போதைக்கு நின்றுவிடும். நோவைத் தூண்டும் இடம் மரத்துப்போவதே இதற்குக் காரணம். அதனைக் கண்டு, பல்லே குற்றவாளி என்று முடிவு செய்து பல்லைக் களைந்துவிட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் நோவு திரும்பிவரும். பல் திரும்பி வாராது. ஆதலால், பழுது கண்ணுக்குப் புலனாகாத பல்லைப் பிடுங்க வேண்டாம் என்று தேர்ந்த மருத்துவர் வற்புறுத்துவர்.

காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்ப்பதும் இன்று வழக்கமாகிவிட்டது. நரம்பின் அருகே கட்டி ஏதேனும் உண்டா என்பதை அது காட்டும். இளம்வயதினர்க்கு இந்நோவு வந்தாலும், இருபக்கமும் வந்தாலும், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புறை சிதையும் நோய் உண்டோ என ஆராய்தல் வேண்டும்.

முகத்தில் நீடிக்கும் நோவு எல்லாம் இந்நரம்பினால் வருவதன்று. தாடை மூட்டிலும் மெல்லும் தசைகளிலும் தோன்றும் நோவே மிகப் பலரைத் துன்புறுத்துவது. அது மின்னற்போற் பாயாது. காதின் முன்னே மந்தமாக நெடுநேரம் நிற்கும். வாய் திறக்கையில் மூட்டிற் சொடுக்கு ஒலி கேட்கும். தூக்கத்திற் பல்லைக் கடிப்பவரும் கவலை மிக்கவரும் இதற்கு ஆளாவர். மெல்லிய உணவும், வெந்நீர் ஒத்தடமும், தாடைக்கு ஓய்வும் எளிய பயிற்சியும் பெரும்பாலோர்க்குப் போதும். நாவும் வாயும் ஓயாது எரிகின்றன, ஆனால் புண் ஒன்றும் இல்லை என முறையிடுவோரும் உளர். அவர்கட்கு இரும்புச் சத்துக் குறைவு, நீரிழிவு, வாய்ப்பூஞ்சை ஆகியவை உண்டா என முதலில் தேர்வர். நம் நாட்டில் வாய் எரிச்சலுக்கு வேறொரு காரணமும் உண்டு. பாக்கையும் பாக்குக் கலந்த பொட்டலப் பொருள்களையும் ஓயாது மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்புறம் தடித்து, நாரேறி இறுகிவிடுகின்றது. காரமான உணவு பட்டால் எரியும். நாளடைவில் வாய் இரண்டு விரல் நுழையும் அளவிற்கேனும் திறவாது. அந்நிலையினின்று புற்றுநோய் தோன்றுதலும் உண்டு. இளைஞர் பலர் இவ்வழக்கத்திற்கு ஆட்பட்டிருப்பது வருந்தத்தக்கது. மூன்று கிழமைகளுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை, அது நோவு தந்தாலும் தாராவிட்டாலும், மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

முதியவர் ஒருவர்க்கு மெல்லும்போது தாடை நோவும், பொட்டுப் பகுதியில் தொட்டால் வலியும், புதிய தலைநோவும் சேர்ந்து வந்தால் நாள் கடத்துதல் ஆகாது. அங்குள்ள குருதிக் குழாய் அழற்சியுற்றிருக்கலாம். உடனே மருந்து தாராவிடின் கண்பார்வை அழிந்துபோகும்.

முக்கிளை நரம்பு நோவிற்கு மருத்துவம் தேடிய வரலாறு நீண்டது. 1756இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்திரே இதற்கு ஒரு பெயரிட்டு, கன்னத்து நரம்பை எரிமருந்தால் அழிக்க முயன்றார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மண்டையோட்டைத் திறந்து நரம்புக் கணுவையே களைந்தெடுக்கத் துணிந்தனர். அம்முயற்சியில் உயிரிழந்தோர் பலர். அமெரிக்க மருத்துவர் ஆர்வி குசிங் 1900ஆம் ஆண்டளவில் அறுவை முறையைச் செம்மைப்படுத்திய பின்னரே சாவு குறைந்தது. நோவு நீங்கியது உண்மையே. ஆனால் அதனோடு முகத்தின் உணர்ச்சி முழுவதும் நீங்கியது. கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. கருவிழி புண்பட்டுப் பார்வை கெடும்.

20ஆம் நூற்றாண்டில் இருவேறு வழிகளில் விடிவு பிறந்தது. ஒன்று மருந்து. சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரில் கெய்கி நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் சிண்ட்லர் என்னும் வேதியியலார் 1953இல் கார்பமசெப்பின் என்னும் பொருளை ஆக்கினார். அது முகநோவிற்காக ஆக்கப்பட்டதன்று. 1962இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பிளோம் அதனை இந்நோயாளர்க்குக் கொடுத்து நற்பயன் கண்டதை உலகிற்கு அறிவித்தார். வெறிகொண்டாற்போல் ஓயாது செய்தி அனுப்பும் நரம்பை அது அடக்குகின்றது. சாதாரண நோவு மாத்திரைகளுக்கு அடங்காத நோவு இதற்கு அடங்குவதே நோயை உறுதிப்படுத்தும் அடையாளமாகவும் கொள்ளப்படுகின்றது. இன்றும் முதலில் தரப்படும் மருந்து இதுவே. சிறிய அளவிற் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். தலைச்சுற்றலும் தூக்க மயக்கமும் சிலர்க்கு உண்டாகும். அரிதாகத் தோல் முழுவதும் கொப்புளித்து உயிருக்கே ஊறு நேரும். ஆகவே தோலிற் தடிப்புக் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

மற்றொரு வழி நோயின் வேரைக் காட்டியது. பால்டிமோர் நகரத்து வால்ட்டர் டாண்டி, நரம்பு மூளைத்தண்டினின்று புறப்படும் இடத்தை அணுகி அறுவை செய்து வந்தார். 1934இல் தாம் கண்ட 215 நோயாளரைப் பற்றி அவர் எழுதினார். அவருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்க்கு, ஒரு குருதிக் குழாய் நரம்பின்மேல் அழுந்தியிருந்தது. அக்கூற்றை அந்நாளில் யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை. 1960-களில் பீட்டர் சனெட்டா என்னும் இளைஞர், கலிபோர்னியாவில் பல் மருத்துவ மாணவர்க்குக் காட்டுதற்காக இறந்தோர் உடலை நுண்ணோக்கியின் கீழ் அறுத்துக்கொண்டிருந்தபோது, நரம்பின்மேல் குருதிக் குழாய் படிந்திருப்பதைக் கண்டார். ஓய்வின்றித் துடிக்கும் குழாய் ஆண்டுக்கணக்காக இடிப்பதால் நரம்பின் மேலுறை தேய்கின்றது. உறை தேய்ந்த மின்கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் பொறி பறப்பது போல, மெல்லிய தொடுகையைக் கொண்டு செல்லும் நார்களின் செய்தி நோவைக் கொண்டு செல்லும் நார்களுக்குத் தாவிவிடுகின்றது. இளங்காற்று தீயாவது இதனால்தான்.

நரம்பை வெட்ட வேண்டுவதில்லை. குழாயை நகர்த்திவிட்டால் போதும் என்று சனெட்டா கருதினார். காதின் பின்னே மண்டையோட்டில் ஒரு சிறு துளையிட்டு, நுண்ணோக்கியின் துணையால் குழாயை மெல்ல விலக்கி, இரண்டிற்கும் இடையே டெஃப்லான் பஞ்சு போன்ற ஒரு சிறு திண்டினை வைத்தார். முதலில் எள்ளி நகைத்தோர் பலர். பிட்சுபர்க் நகரில் அவரும் அவர் துணைவரும் இவ்வாறு அறுவை செய்த 1185 நோயாளரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் நூற்றுக்கு 70 பேர் மருந்தின்றி நோவற்றிருந்தனர். எனினும் இது மூளையருகே செய்யும் அறுவை. கேள்வி குன்றுதல் போன்ற தீங்குகள் சிலர்க்கு நேர்வதுண்டு.

மூப்பினாலோ பிற நோயினாலோ இவ்வறுவையைத் தாங்க இயலாதவர்க்கு, கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்புக் கணுவை வெப்பத்தாலோ கிளிசரினாலோ தளர்த்துவர். கிளிசரின் வந்த வகை வியப்பிற்குரியது. சுவீடனில் ஆக்கன்சன் என்னும் மருத்துவர், கதிர்களை நரம்பிற் பாய்ச்சுதற்கு இடத்தைக் குறிக்க வேண்டி, உலோகத் தூளைக் கிளிசரினிற் கலந்து உட்செலுத்தினார். கதிர் பாய்ச்சுமுன்னரே நோயாளர்க்கு நோவு நின்றுவிட்டது! அடையாளத்திற்காக வைத்தது மருந்தாயிற்று. 1981இல் அவர் அதனை வெளியிட்டார். இம்முறைகளில் முகம் சிறிது மரத்துப்போதலும், சில ஆண்டுகளில் நோவு மீளுதலும் உண்டு. மீண்டால் மீண்டும் செய்துகொள்ளலாம். குழாயை விலக்கும் அறுவை செய்துகொண்டவருட் பலர்க்கு மயக்கம் தெளிந்து எழும்போதே நோவு இருப்பதில்லை. செவிலி நனைந்த துணியால் அவர் கன்னத்தைத் துடைக்க வரும்போது, பழைய அச்சத்தால் அவர் முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்வதுண்டு. துணி கன்னத்திற் பட்ட பின்னரே, அது வெறும் குளிர்ச்சியென அவர் உணர்கின்றார்.