கர்ப்பிணித் தாய்மாரும் ஐஸ் தேநீரும்

கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்து நண்பகலில் நிலாவெளியில் நின்றவர்கட்கே அவ்வூர் வெயிலின் கடுமை விளங்கும். திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே பத்து மைலளவில், ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பளமுமாய்க் கிடக்கும் ஊர் அது. மணல் காலைச் சுடும்; பனையோலைகள் ஓயாது சலசலக்கும்; எவ்வளவு தண்ணீர் அருந்தினும் நாவறட்சி தணியாது. அத்தகையதொரு நாளில், புல்மோட்டைக்குச் செல்லும் வீதியோரக் கடையொன்றில், முன்னர் என்னிடம் பயின்ற மாணவியொருத்தியைக் கண்டேன். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. ஐஸ் மிதக்கும் தேநீர்க் குவளையை அவள் வாயருகே கொண்டு போனதுதான் தாமதம், உடன் வந்த பாட்டியார் அதனை வெடுக்கென்று பறித்துக்கொண்டார்.

“எடி பிள்ளை, வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு ஐஸ் குடிக்கிறதோ? பிள்ளைக்குச் சளி கட்டிப்போடும்!”

“சேர், நீங்களாவது ஆச்சிக்குச் சொல்லுங்கோ” என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

நான் வைத்தியனல்லேன், கல்லூரியிற் பாடஞ் சொல்லுபவன். ஆதலின் அன்று யாதொரு தீர்ப்புங் கூறாது நழுவிவிட்டேன். எனினும் அவ்வினா மனத்தை விட்டகலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும் மருத்துவம் அறிந்த நண்பர்களை வினாவியும் தெளிந்ததை ஒரு வரியிற் கூறுவதாயின், ஆச்சி குவளையைப் பறித்தது சரி. அதற்குக் கூறிய காரணந்தான் பிழை.

முதற்கண் அந்தக் காரணத்தை எடுத்துக்கொள்வோம். தாய் குளிர்ந்ததை உண்டால் வயிற்றுப் பிள்ளைக்குக் குளிர் பிடிக்கும் என்பது நம் ஊர்களில் வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் நாம் பருகும் குளிர்பானம் இரைப்பையை அடைந்த சில நிமிடங்களிலேயே உடலின் வெப்பத்தைப் பெற்றுவிடுகிறது. கருப்பையோ இரைப்பையினின்றும் முற்றும் வேறான அறை. அதனுள் வளரும் சிசு, தாயின் உடல் வெப்பத்தினும் ஏறக்குறைய அரைப் பாகை மிகுந்த வெப்பத்திலேயே வாழ்கின்றது. சளி என்பது கிருமிகளால் வருவது. காற்றைச் சுவாசிக்கத் தொடங்காத சிசுவுக்கு ஐஸினாற் சளி கட்டுதல் இயலாத காரியம். அன்றியும், கடும் வெயிலிற் கர்ப்பிணியின் உடலில் நீர் வற்றுவதே தீங்கு. தலைச்சுற்றும் மயக்கமும் சிறுநீர் வழியில் கிருமித் தொற்றும் அதனால் விளையலாம். குளிர்ச்சிக்கு அஞ்சித் தாகத்தை அடக்கச் செய்வது அன்பினாற் செய்யும் தவறு.

ஆயின் ஆச்சி பறித்தது எங்ஙனம் சரியாகும்? அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். நிலாவெளி மீனவர் ஊர். வள்ளங்கள் கரைசேரும் வேளையில் பெரும் ஐஸ் பாளங்கள் லொறிகளில் வந்திறங்குவதை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். சாக்கினாற் போர்த்து, வெறுந்தரையில் இழுத்து, அலவாங்கினாற் குத்தி உடைத்து, மீன்களின்மேற் கொட்டுகிறார்கள். மீனைக் காப்பதற்கு அது போதும். அதே பாளத்தின் துண்டொன்று கடைக் குவளைக்குள் விழுந்தாலோ, அதனை வார்த்த தண்ணீர் எத்தன்மையது, தொட்ட கைகள் எத்தகையன என்பதை எவர் அறிவார்? நீரை உறைய வைத்தாற் கிருமிகள் மாண்டுபோகும் என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள். பல கிருமிகள் மாள்வதில்லை, உறங்குகின்றன. ஐஸ் உருகியதும் விழித்துக்கொள்கின்றன. நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் இவ்வழியாலும் வரக்கூடும். இந்தியாவில் 2018ஆம் ஆண்டில், உண்பதற்கல்லாத ஐஸுக்கு நீலநிறம் ஊட்டல் வேண்டுமென உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை விதித்தமைக்கு இந்தக் குழப்பமே காரணம். கண்ணாற் பார்த்தே பிரித்தறியத்தக்க நல்ல ஏற்பாடு அது.

செங்கண்மாரியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். 1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி மாநகரில், யமுனை நதியினின்றும் குடிநீர் எடுக்குமிடத்திற் கழிவுநீர் கலந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குள் ஏறக்குறைய 29,000 பேர் செங்கண்மாரியால் வருந்தினர். ஏனையோர் பெரும்பாலும் தேறி எழ, கர்ப்பிணிகளிடையே அந்நோய் கொடிய உருவெடுத்ததை மருத்துவர்கள் கண்டு திகைத்தனர். 1978இல் காஷ்மீரத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. பல்லாண்டுகளின் பின்னரே அதனை விளைத்த வைரசு இனங்காணப்பட்டு, ஹெப்பற்றைற்றிஸ் ஈ என்னும் பெயரைப் பெற்றது. சாதாரணமாக அந்நோயால் இறப்பவர் மிகச் சிலரே. ஆனால் கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் அதற்கு ஆளாகும் பெண்களுள், நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பேர்வரை உயிரிழக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அழுக்கு நீரில் வார்த்த ஐஸை மற்றவர் உண்டு தப்பினாலும், பிள்ளைத்தாய்ச்சி தப்புவாள் என்பதற்கு உறுதியில்லை.

இனித் தேநீருக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு இலங்கையின் பெயர் உலகெங்கும் தேநீரோடு மணக்கிறது. ஆனால் அத்தேநீரைக் குளிர வைத்துக் குடிக்கும் வழக்கம் இங்கு தோன்றியதன்று. 1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரக் கண்காட்சியில், வெயிலில் எவரும் சுடுதேநீரைத் தீண்டாமையால், இந்தியத் தேயிலையை விற்க வந்த ரிச்சர்ட் பிளச்சின்டன் என்பவர் அதனை ஐஸிட்டு வழங்கினார் என்பர். அதற்கு முன்னரே அங்குள்ள சமையல் நூல்களில் அதன் செய்முறை உண்டு. அவர் அதனைப் பரப்பியவர் என்பதே பொருந்தும். நம் கடற்கரைக்கு அது பரவலாக வந்தது, 2009இல் போர் ஓய்ந்தபின் உல்லாச விடுதிகள் பெருகிய காலத்தில்.

தேயிலையில் கபீன் என்றொரு பொருள் உண்டு. அது தாயின் இரத்தத்தினின்றும் நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைகின்றது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் சிசுவுக்கு இல்லை. தாயின் உடலிலும் அது நெடுநேரம் தங்குகிறது. மற்றவர் உடலில் ஐந்து மணி நேரத்திற் பாதியாகும் கபீன், நிறைமாதத்தை நெருங்குபவளின் உடலிற் பாதியாவதற்குப் பதினைந்து மணி நேரம் வரையிலும் செல்லலாம். மிகுதியான கபீன், கருச்சிதைவோடும் எடை குறைந்த குழந்தைப் பேற்றோடும் தொடர்புற்றிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலால் பிரித்தானியாவில் 2008ஆம் ஆண்டிலிருந்து கர்ப்பிணிகட்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமே எல்லை என்று கூறிவருகின்றனர். 300 மில்லிகிராமுக்கு மேல் அருந்துவோர் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அறிவுறுத்தியது. பெரிய கோப்பைத் தேநீரொன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம் உண்டு எனக் கணக்கிடுவர். ஆகவே நாளைக்கு இரண்டு கோப்பை அருந்துபவள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஐஸ் உருகித் தேநீர் நீர்த்துவிடும் என்பதற்காக, அதற்குச் சாயத்தை இருமடங்கு கடுமையாக இறக்குவது வழக்கம். குவளையும் பெரிது, தாகத்தில் இரண்டாவது குவளையும் வந்துவிடும். இரண்டு குவளை என்று எண்ணுவது நான்கு கோப்பையாக முடியலாம். கோப்பியும் கோலாவும் அருந்துபவராயின் அவற்றையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஆயினும் நம் பெண்களைப் பொறுத்தவரை கபீனை விடப் பெரிய இடர் வேறொன்று உளது. அது சூடான தேநீருக்கும் குளிர்ந்த தேநீருக்கும் பொது. அதனைப் பற்றி எந்த ஆச்சியும் கண்டிப்பதில்லை. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான தனின் முதலிய பொருள்கள், உணவிலுள்ள இரும்புச்சத்தோடு பிணைந்து, அது குடலில் உறிஞ்சப்படாவண்ணம் தடுத்துவிடுகின்றன. கீரை, பயறு, பருப்பு, அரிசி ஆகியவற்றின் இரும்புதான் இவ்வாறு மிகுதியும் வீணாகிறது. உணவோடு தேநீர் அருந்தினால், உறிஞ்சப்படும் அளவு பாதிக்குங் கீழே விழுந்துவிடுவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி இத்தடைக்கு அவ்வளவாக உட்படுவதில்லை. சைவ உணவினர் இதனை மனங்கொள்ளல் நன்று.

கருவுற்றவளுக்கு இரும்பு எவ்வளவு வேண்டும்? அவளுடைய இரத்தத்தின் கனவளவு ஏறக்குறைய அரைப்பங்கு பெருகுகின்றது. சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் கொடுத்து, பேற்றில் இழப்பதையும் ஈடு செய்ய, கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் தேவைப்படும். இதனை உணவு மட்டும் தராது என்பதாலேயே கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுக்கிறார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமிற் குறைந்தால் அது சோகை. சோகையுற்ற தாய்க்குப் பேற்றுக்காலத்து இரத்தப்பெருக்கைத் தாங்கும் வலிமை குன்றும். குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் நேரலாம். மருத்துவமாது வீடுதேடி வந்து, அட்டையிற் பதிந்து, குளிசையை எண்ணிக் கொடுத்துச் செல்கிறார். நம் பெண்ணோ பகற்சோறு உண்டு, குளிசையை வாயிலிட்டு, அருகிலிருந்த தேநீரால் விழுங்கிவிடுகிறாள். அரசாங்கம் கொடுத்த மருந்தைத் தேயிலை பறித்துக்கொள்கிறது! 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டத்தின் சத்துமாவையும் தேநீரோடு உண்ணும் இல்லங்களை நான் கண்டதுண்டு.

பரிகாரம் மிக எளிது. தேநீரை நிறுத்த வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினாற் போதும். உணவுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது, கூடுமாயின் இரண்டு மணி நேரம், இடைவெளி விட வேண்டும். குளிசையைத் தண்ணீரோடு விழுங்கலாம். தேசிக்காய்ச் சாறு கலந்த நீராயின் இன்னும் நன்று. உயிர்ச்சத்து சீ இரும்பை உடல் ஏற்கத் துணைபுரிகிறது. கல்சியம் குளிசையும் இரும்புக் குளிசையும் ஒருசேரக் கூடா. இவற்றின் நேரத்தை மருத்துவமாதிடமே கேட்டறிக.

போத்தலில் அடைத்து விற்கும் ஐஸ் தேநீரைப் பற்றி அதிகஞ் சொல்ல வேண்டியதில்லை. அதிற் தேநீரினும் சீனியே மிகுதி. 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் என்றால், 400 மில்லிலீற்றர் போத்தலில் 32 கிராம், அதாவது சுமார் எட்டுத் தேக்கரண்டி. கர்ப்பகால நீரிழிவு உள்ளவளுக்கு அது ஆகவே ஆகாது. 2016ஆம் ஆண்டு முதல் இலங்கையில் பானப் போத்தல்களிற் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனியின் அளவைக் காட்டும் நிறப்புள்ளிகள் உள்ளன. பிள்ளைகள் அதனைப் படிக்கப் பழகிவிட்டார்கள், பெரியவர்கள்தாம் பார்ப்பதில்லை.

வீட்டிற் செய்வோர் தண்ணீரை நன்கு கொதிக்க வைத்து, அதில் தேயிலையை இட்டுச் சில நிமிடங்களில் வடித்துவிடல் வேண்டும். நெடுநேரம் ஊறவிட்டால் துவர்ப்புப் பொருள் மிகும். கண்ணாடிப் போத்தலை வெயிலில் வைத்துத் தேயிலையை ஊறவைப்பது சில நாடுகளில் வழக்கம். அந்தச் சூடு கிருமிகளைக் கொல்லப் போதாது. ஐஸையும் கொதித்தாறிய நீரிலேயே உறைய வைத்து, மூடிய பாத்திரத்திற் காக்க வேண்டும். மீதமானதை நாட்கணக்காய் வைத்திருத்தல் கூடாது. மூலிகைத் தேநீர் என்ற பெயரில் விற்பனவற்றைக் கருவுற்றவர் வைத்தியரைக் கேளாமல் அருந்தலாகாது. கையில் செவ்விளநீர் இருக்கும்போது இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் வழக்காடப் போவதில்லை.

இவற்றையெல்லாம் ஒருநாள் மாலையில் அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்துரைத்தேன். ஆச்சி வெற்றிலையை மென்றவாறு பொறுமையாகக் கேட்டார். பேத்தியின் குளிசையை இரவு படுக்கைக்குப் போகும் வேளைக்கு மாற்றுவதென்றும், தேநீர் பின்னேரம் நான்கு மணிக்கென்றும், ஐஸ் வீட்டிலேயே செய்வதென்றும் முடிவாயிற்று. நான் எழுந்தபோது ஆச்சி தமக்கு மட்டும், இராச்சாப்பாட்டுக்கு முன்னதாக, ஆவி பறக்கும் சாயத்தேநீரொன்றை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, சோத்தோட தேத்தண்ணி கூடாதெண்டு இப்பதானே சொன்னனான்” என்றேன்.

“அது அவளுக்கு, தம்பி. நான் என்ன பிள்ளைத்தாச்சியே?” என்றார் ஆச்சி.