கண்ணுக்குத் தெரியாத சூட்டை அளப்பது எப்படி?



நம்ம பக்கத்து மாவட்டமான கடலூரில், நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியை எரித்து 1962 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்குத் தேவை கொதிகலன், அதாவது பாய்லர். திருச்சி பக்கம் திருவெறும்பூரில் உள்ள பெல் தொழிற்சாலை 1965 முதல் பெரிய பாய்லர்களைச் செய்கிறது. அங்கேயே 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கினார்கள். வெல்டிங்குக்குப் போய் ஆராய்ச்சியா என்று சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.

பாய்லர் குழாயில் 500 டிகிரி செல்சியசுக்கு மேலே சூடான நீராவி, பயங்கர அழுத்தத்தில் ஓடும். குழாய்களை வெல்டிங் வைக்கும்போது எஃகு உருகி, சட்டென்று ஆறிவிடும். கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும், ஆனா உடையவும் செய்யும். அதனால கொல்லர் மறுபடி இளஞ்சூடு காட்டுவார். குழாய்க்கும் இதே வைத்தியம்தான்.

பி91 என்று ஒரு எஃகு. அதில் சுமார் 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். வெல்டிங் ஆறியதும் அதை மெதுவாகச் சுமார் 760 டிகிரிக்கு ஏற்றி, கனத்துக்கு ஏற்ற நேரம் அதே சூட்டில் வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். சூடு குறைந்தால் விறைப்பு போகாது, பின்னால் விரிசல் விடலாம். ரொம்பக் கூடினால் எஃகின் உள்ளமைப்பே மாறி வலு குறைந்துவிடும். ரெண்டையும் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது!

கொல்லர் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார். இங்கே குழாயைச் சுற்றி மின் ஹீட்டர், அதற்கு மேல் பீங்கான் கம்பளி. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அப்போ உதவுவது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்துச் சூடாக்கினால் மின்னழுத்தம் உண்டாகும். 1821-இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்ட விளைவு இது. குரோமெல், அலுமெல் கம்பிகள் என்றால் 760 டிகிரியில் சுமார் 32 மில்லிவோல்ட் வரும். டார்ச் செல்லில் இருப்பதோ 1500 மில்லிவோல்ட்!

ஒரே இடத்தில் வைத்தால் போதாது. சூடு மேலே ஏறும், அதனால படுத்திருக்கும் குழாயில் மேல்பக்கம் அதிகமாகவும் அடிப்பக்கம் குறைவாகவும் இருக்கும். அதனால மேலேயும் கீழேயும் வைப்பார்கள். ஒரு கருவி இதையெல்லாம் வரைபடமாகப் பதிவு செய்யும். பிறகு சோதிக்க வருபவருக்கு அந்தக் கோடுதான் முக்கிய சாட்சி.

2020 ஜூலை 1-இல் நெய்வேலியில் நடந்த பாய்லர் விபத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதையும் இந்த வெல்டிங்கையும் முடிச்சுப் போடக் கூடாது. ஆனா பாய்லர் பக்கத்தில் எப்பவும் மனுஷங்க நின்று வேலை செய்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

யோசிச்சுப் பாருங்க: தெர்மோகப்பிள் முனை குழாயை விட்டுக் கழன்று, சூடு இல்லாத இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்?

விடை: "சூடு பத்தலை" என்று கருவி நினைத்து மேலும் மேலும் சூடேற்றும். குழாய் கெட்டுவிடும். அதனால்தான் கம்பி முனையைக் குழாயோடவே பற்றவைத்துவிடுகிறார்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, செஞ்சி