பாக்கெட்ல கத்தி... கல்லாவுல காசு?

பாஸ், கையில இருபதாயிரம் ரூபாய் இருக்கு, எதையாவது வாங்கி வித்துப் பார்க்கலாம்னு யோசிக்கிறீங்களா? டி-ஷர்ட், மொபைல் கவருக்கெல்லாம் தெருவுக்கு நாலு பேர் கடை விரிச்சாச்சு. கொஞ்சம் வித்தியாசமா, பாக்கெட்டில் வைக்கிற மடக்குக் கத்தி விக்கலாமேன்னு ஒரு ஐடியா உதிச்சிருக்கும். தப்பில்லை. ட்ரெக்கிங் போறவங்க, மாடித்தோட்டம் போடுறவங்க, எலெக்ட்ரீஷியன், பார்சல் பிரிச்சே கை ஓய்ஞ்சு போன கடைக்காரர்னு வாங்க ஆள் இருக்கத்தான் செய்யுது. ஆனா எந்தக் கத்தியை வாங்கி அடுக்குறீங்கங்கிறதுலதான் உங்க இருபதாயிரம் இருக்கு. சமயத்துல உங்க பேரும் இருக்கு.

மொத்த வியாபாரி கடையில முதல்ல கண்ணைப் பறிக்கிறது எது தெரியுமா? கறுப்பு பெயின்ட், மண்டையோட்டுப் படம், ரம்பப் பல்லு, பட்டனை அமுக்கினா ‘சடக்’! விலையும் சல்லிசு. போட்டோ போட்டா லைக்ஸ் அள்ளும். தயவுசெஞ்சு தொடாதீங்க.

முதல் காரணம் சட்டம். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, ஆயுதம் வைத்திருப்பவரைப் பற்றி அல்ல, அதைச் செய்பவர், விற்பவர், விற்பனைக்கு வைத்திருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. அதாவது உங்களைப் பற்றி! 2016-ல் வந்த ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருக்கிற கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் உபயோகத்துக்குன்னு செஞ்சதுக்கு மட்டும் விலக்கு. பாக்கெட் கத்தி அவ்வளவு பெருசு இல்லைதான். ஆனா பட்டன் கத்தி கதை வேற. டெல்லியில் 1980-ல் போட்ட அறிவிக்கையில் பட்டன் கத்திக்கான அளவு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம். வெறும் மூணு அங்குலம்! சேலத்துல உட்கார்ந்துக்கிட்டு டெல்லிக்கு கூரியர் போடுறவர் இதைத் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டாமா?

உத்தரப்பிரதேசத்து ராம்பூர் இதுக்கு ஒரு சோகமான உதாரணம். ‘ராம்பூரி’ மடக்குக் கத்திக்குப் பேர்போன ஊர். இந்தி சினிமா வில்லன்கள் எல்லாம் பாக்கெட்டிலிருந்து எடுத்து எடுத்தே அதை ரவுடிச் சின்னமாக்கிட்டாங்க. 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேல் கூடாதுன்னு அரசு கட்டுப்பாடு போட, தொழில் படுத்தே போச்சு. 2023-ல் அந்த ஊர் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்துக்கு ஒரு ராம்பூரிக் கத்தியைச் சிலையா நிறுத்தினாங்க. சிலை ஜோரா இருக்கு, கைவினைஞர்கள்தான் குறைஞ்சுட்டாங்க.

ரெண்டாவது காரணம் உங்க கஸ்டமர். அவர் வேற யாருமில்லை, பக்கத்து பெஞ்ச் பையன். 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் நடுரோட்டில் பஸ்ஸை மறித்து, மாணவர்களை மாணவர்களே வெட்டினது ஞாபகம் இருக்கா? அந்தக் கையில் இருந்தது அரிவாள். மடக்குக் கத்தி இல்லை. அதனால நமக்கென்னன்னு இருக்க முடியுமா? “மச்சி, எடுத்தாலே எதிராளி பயப்படணும்”னு ஒருத்தன் கேட்டு வந்தா, அவன் கேக்குறது பழம் நறுக்குற கத்தி இல்லை. அவனுக்கு விக்காதீங்க. அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் திருப்பிக் கொடுங்க. பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற யாருக்கும் விற்பதில்லைன்னு முதல் நாளே சொந்தமா ஒரு ரூல் போட்டுடுங்க.

சரி, அப்ப எதை வாங்கறது? “இது எதுக்கு?”னு கேட்டா ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியுற கத்தியை வாங்குங்க. ஆப்பிள் நறுக்க. கயிறு அறுக்க. அட்டைப்பெட்டி பிரிக்க. உலகத்துல அதிக நாள் தாக்குப்பிடிச்ச மாடல்கள் எல்லாம் இப்படித்தான். பேனாக்கத்திங்கிற பேரே, பறவை இறகை எழுதுகோலாகச் சீவின காலத்து வேலையிலிருந்து வந்ததுதானே! பிரான்ஸ் நாட்டு சவோய் பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890-ல் செஞ்ச மரப்பிடிக் கத்தி இன்னிக்கும் விக்குது. அலகு நழுவி விரல்மேல் மடங்காம இருக்க 1955-ல் ஒரு வளையம் சேர்த்தாங்க. பெரிய மாற்றம்னா அதுதான்.

எஃகு விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. மலிவுக் கத்திகளில் அதிகம் வர்றது 420 ரகம். சட்டுனு துரு பிடிக்காது, ஆனா கூர் சீக்கிரம் மழுங்கும். அடுத்தபடி ‘8சிஆர்13எம்ஓவி’ன்னு ஒரு சீன ரகம். பேரைப் பார்த்து மிரளாதீங்க. கரி சுமார் 0.8 சதவீதம், குரோமியம் சுமார் 13 சதவீதம், அவ்வளவுதான் அர்த்தம். விலைக்கு நல்ல சரக்கு. ‘டி2’ கூர் நல்லா நிக்கும். ஆனா முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. தூத்துக்குடி உப்புக்காத்துல இருக்கிறவருக்கு அதைத் தள்ளிவிட்டீங்கன்னா ஒரே மாசத்துல துருவோட போட்டோ வரும். கார்பன் எஃகு அதைவிட மோசம், எலுமிச்சம்பழம் நறுக்கித் துடைக்காம வச்சாலே கறுத்துடும். மரப்பிடிக்கும் ஒரு குணம் உண்டு. மழைக்காலத்துல ஈரத்துல ஊதிக்கிட்டு, அலகு வெளியே வர அடம்பிடிக்கும். இதையெல்லாம் விக்கும்போதே சொல்லிடுங்க. சொல்லி வித்தது திரும்பி வராது.

சாம்பிள் கையில வந்ததும் விரிச்சுப் பிடிச்சு இடம் வலமா ஆட்டுங்க, அலகு ஆடக் கூடாது. லாக் இருந்தா, அலகோட முதுகை உள்ளங்கையால அமுக்குங்க. விரல்கள் மடங்குற பாதையில இருக்க வேண்டாம்! கூரை டியூப்லைட்டுக்கு நேரா பிடிங்க. வெள்ளையா மினுங்குற புள்ளி தெரிஞ்சா அந்த இடம் மழுங்கல். அப்புறம் ரெண்டு வாரம் நீங்களே வச்சுப் புழங்குங்க. சாணைக்கல்லுல ஒரு தடவை தீட்டியும் பாருங்க. பிராண்டுன்னா போலி ஜாக்கிரதை. விக்டோரினாக்ஸ்னா அலகோட அடியில கம்பெனி பேரும் ‘ஸ்விஸ் மேட்’ங்கிற முத்திரையும் தெளிவா இருக்கணும். முத்திரையையும் காப்பியடிக்கிறாங்க, அதனால பில் தராதவர்கிட்ட வாங்காதீங்க. வெளிநாட்டுச் சரக்குன்னா பாக்கெட் மேல இறக்குமதி செஞ்சவர் பேர், முகவரி, எம்ஆர்பி இருக்கணும்.

பணம் முழுசையும் கொட்டாதீங்க. பத்து மாடல்ல ரெண்டு ரெண்டு வாங்குறதைவிட மூணு மாடல்ல பத்துப் பத்து மேல். ஒரு கணக்குக்கு, பீஸ் 400 ரூபாய்னு வச்சுக்குவோம். முப்பது பீஸ், 12,000. விக்கிறது 600-க்கு. பேக்கிங், கூரியர் 90 போனா மிச்சம் 110. ஒண்ணு திரும்பி வந்துட்டா? போக 90, வர 70, புழங்கின கத்தியைப் புதுசுன்னு விக்க முடியாது, அது 400. மொத்தம் 560. அஞ்சு கத்தி வித்த லாபம் ஒரே ரிட்டர்ன்ல காலி! மண்டையோட்டுக் கத்திதான் அதிகமா திரும்பும்னு நான் பந்தயமே கட்டுவேன்.

கடைசியா கூரியர். கத்தி எடுத்துக்குவாங்களான்னு கம்பெனியில முன்கூட்டியே கேளுங்க. அலகை மடக்கி டேப் சுத்தி, பெட்டி மேல ‘மடக்குக் கத்தி’ன்னே எழுதுங்க. 2018 மே மாசம் மகாராஷ்டிராவின் அவுரங்காபாத்தில் (இப்போ சத்ரபதி சம்பாஜிநகர்) பொம்மைன்னு சொல்லி ஆன்லைன்ல வந்திறங்கின வாளையும் கத்தியையும் போலீஸ் அள்ளிக்கிட்டுப் போச்சு. விமானத்துல போற கஸ்டமர்னா, கத்தியைக் கைப்பையில வைக்காம செக்-இன் பெட்டியில போடச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டையும் உள்ளே வச்சு அனுப்புங்க.