அண்டாவுக்கு எப்போது புளி ஏறும்?

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சாம்பார் கொதிக்கும்போது, பெரிய அண்டாவில் யாரும் நேரே கைவைப்பதில்லை. புளி போதாது என்று தோன்றினால் சின்னச் சட்டியில் கொஞ்சம் அள்ளி, புளி விட்டு, ஒரு கொதி வரவிட்டுப் பெரிய சமையல்காரரிடம் நீட்டுவார்கள். "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க." அவர் உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துத் தலையாட்டினால்தான் அதே கணக்கில் அண்டாவுக்குப் புளி ஏறும். திறந்த மூல மென்பொருளுக்கு எப்படிப் பங்களிப்பது என்று ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால் நான் இந்த அண்டாவைத்தான் காட்டுவேன்.

ஓப்பன்-தமிழை எடுத்துக்கொள்வோம். முத்து அண்ணாமலை தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்துவரும் பைதான் நிரல் தொகுப்பு அது. அது எதற்கு என்பதை ஒரு ரொட்டியே சொல்லிவிடும். 'ரொட்டி' என்ற சொல்லைப் பைதானிடம் கொடுத்து 'லென்' என்று நீளம் கேட்டால் 6 என்கிறது. பாலர் வகுப்புப் பிள்ளைகூட ரொ, ட், டி என்று 3 விரலை மடக்கும். யூனிகோடில் ர ஒன்று, அதன் ஒகரக் குறி ஒன்று, ட ஒன்று, புள்ளி ஒன்று, இன்னொரு ட, இகரக் குறி, ஆக ஆறு. மாவையும் தேங்காய்ப்பூவையும் உப்பையும் தனித்தனியாக எண்ணினால் ரொட்டிக் கணக்கு வருமா? இந்தத் தொகுப்பிலுள்ள 'கெட் லெட்டர்ஸ்' குறிகளை அவற்றுக்குரிய எழுத்தோடு சேர்த்து மூன்றாகத் தருகிறது.

இப்படி ஒன்றில் நீங்கள் ஒரு பிழையைக் கண்டால், முதலில் 'இஷ்யூ' எழுதுங்கள்: என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். "சாம்பார் நல்லா இல்ல" என்றால் சமையல்காரர் என்ன செய்வார்? "புளி காணாது" என்றால் கை உடனே புளிப்பக்கம் போகும். பிறகு முழுத் தொகுப்பையும் உங்கள் பெயரில் நகலெடுக்கிறீர்கள், அது 'ஃபோர்க்'. அதற்குள் இந்தத் திருத்தத்துக்கென்று பிரிக்கும் கிளைதான் சின்னச் சட்டி.

அடுத்ததைத்தான் பலர் தாண்டிப்போகிறார்கள். பருப்பு வேகுமுன் புளி விட்டால் பருப்பு வேகாது. நிரலிலும் ஒன்றைத் திருத்தப்போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று நிற்கும். அதைப் பிடிக்கத்தான் சோதனை நிரல்கள். 'ரொட்டி' கொடுத்தால் 3 வர வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தால், இனி யார் எதை மாற்றினாலும் சோதனையை ஓட்டும்போது அந்த வரி பருப்பை நசுக்கிப் பார்த்துவிடும். திருத்தத்தோடு அதற்கான சோதனையையும் கொண்டுவருபவரைப் பராமரிப்பாளர்கள் விரும்புவார்கள்.

சட்டியை நீட்டுவதற்குப் பெயர் 'புல் ரிக்வெஸ்ட்'. "இந்தப் பெயரை மாற்றுங்கள்", "இந்த வரி வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் மனம் சுருங்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்கிறார்கள், அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டால் 'மெர்ஜ்': சட்டி அண்டாவோடு சேர்கிறது.

அடுப்படிக்கு இல்லாத ஒரு வசதியும் இங்கே உண்டு. கூடிப்போன உப்பைச் சாம்பாரிலிருந்து எடுக்க முடியாது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று குறித்துவைப்பதால், இங்கே எடுக்கலாம். ஆகவே பயமில்லாமல் கை வையுங்கள்.

இந்த நாட்டிலேயே அப்படி ஓர் அண்டா அடுப்பேறியது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களைத் தேடவும் நிவாரணத்தைக் கணக்குவைக்கவும் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய 'சஹானா' அது. பின்னர் பைதானில் 'சஹானா ஈடன்' வந்தது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் சஹானா கைகொடுத்தது.

முதல் பங்களிப்பு ஒரு வரியாக இருந்தாலும் போதும். நம் லயத்துச் சொற்களிலேயே தொடங்கலாம். 'கொழுந்து' என்றால் பைதானுக்கு 8, நமக்கு 4. 'தேத்தண்ணி' பைதானுக்கு 9. நமக்கு எத்தனை என்று விரல் மடக்கி எண்ணி, அதைச் சோதனையாக எழுதுங்கள்.